கடைசிப் பெஞ்சுக்கு வருகிற சமாதானம்

சமாதானம் கிளம்பிவிட்டது. எப்சிபாவுக்கு அது எட்டிப் பார்க்காமலே தெரியும். முன்னால் பீடத்தடியில் போதகர் ஐயர், நாம் அநேகர் ஆனாலும் ஒரே அப்பத்தில் பங்குள்ளவர்கள், ஒரே உடம்பு என்று வழக்கம்போல மைக்கில் சொல்லி முடித்துத் தொண்டையைச் செருமினார். செருமுகிறபோது மைக்கை அணைத்துவிடுங்கள் ஐயா என்று யாராவது அவரிடம் சொன்னால் தேவலை. செருமிவிட்டு இறங்கி வந்து ஆண்கள் பக்கத்துக்கு ஒரு பெரியவர் கையிலும், பெண்கள் பக்கத்துக்குத் தன் சம்சாரம் கையிலும் சமாதானத்தைக் கொடுத்திருப்பார். ஐயரம்மா அதை முதல் பெஞ்சுக்குக் கொண்டுவருவாள். கொண்டுவருவது என்றால் தட்டில் வைத்தா, வெறும் கையில்தான். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை, வெளியே இரண்டு பேருடைய இடது கையும் மூடிக்கொண்டு, முகத்தைப் பார்த்து, சமாதானம் என்று மெல்லச் சொல்ல வேண்டும். வாங்கினவள் திரும்பி அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டும். மாசத்து முதல் ஞாயிறு, திருவிருந்து உள்ள ஞாயிறு மட்டும் இது உண்டு. பெத்தேல்விளைக் கோயிலில் அது பெஞ்சு பெஞ்சாக வரும். சுவரோரம் போய் மடங்கும், நடையோரம் வந்து மடங்கும், பாம்பு போகிற மாதிரி, சே, பாம்பையா கோயிலுக்குள் நினைப்பது, சரி, சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், இந்தக் கரை முடிந்ததும் திருப்பி அந்தக் கரை. எப்சிபா ஃபால்ஸ் தைத்துத்தான் வயிறு கழுவுகிறாள். முன்னால் தெரிகிற முதுகுகளில் பாதி முதுகின் சேலை அவள் கைபட்டது. முகம் தெரியாவிட்டாலும் ஃபால்ஸ் தெரியும். கடைசிப் பெஞ்சு முடிகிற இடத்தில், நடையில், சக்கர நாற்காலியில் அவள் மகன் ஆசீர். அவனுக்கு அந்தப் பக்கம் வாசல் தூணை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அவள். அவளுக்குப் பிறகு ஆள் கிடையாது, தூண்தான். பானையின் அடியில் கிடக்கிறதை வழித்துப் போடுவார்களே, அவளிடம் வந்து சேரும்போது சமாதானம் அந்த மாதிரித்தான் இருக்கும். இருந்தாலும் வரும், வராமல் இருந்ததில்லை. ஆசீரின் தலைக்கு மேலாக வரும்.

நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். இதை அவள் இன்னும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல. வலது மார்பில் கட்டி. புளியங்கொட்டை அளவு என்று அவளாகத் தடவிப் பார்த்து வைத்திருந்தாள், படம் எடுத்துப் பார்த்தால் நெல்லிக்காய் அளவாம். அது இருக்கிற இடம்தான் வேடிக்கை. ஆசீரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைக்கிறபோது அவன் தலை வந்து சாய்கிற இடம் அது, அச்சாக அதே இடம். இத்தனை வருஷம் இடித்து இடித்துத்தான் வந்திருக்குமோ என்று அந்த டாக்டரம்மாவிடம் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் பிள்ளைமேல் பழி போட்ட மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கிவிட்டாள். டாக்டரம்மா நல்லவள்தான், எரிந்து விழவில்லை. "எடுத்திரலாம்மா, எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாத்தான் என்னன்னு தெரியும். ஆனா தள்ளிப் போடக்கூடாது. அப்புறம், கனமா எதையும் தூக்கக் கூடாது." எத்தனை நாளைக்கு என்று இவள் கேட்டதற்கு அவள் சிரித்துக்கொண்டே, "தூக்குறதையே மறந்திருங்க" என்றாள். தூக்கக் கூடாதாம். அவள் குடத்தைச் சொல்கிறாள், அரிசிப் பையைச் சொல்கிறாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் தூக்கக் கூடாதாம், தூக்கக் கூடாதாம் என்று அதே ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் வந்து எங்கே இறங்கணும் என்று கேட்டபோது இவள் தூக்கக் கூடாதாம் என்றே சொல்லப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு ஜெசிந்தாவிடம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, கை கழுவி, ஆசீரைத் தூக்கினாள். வேறு என்ன செய்வது. அவன் நனைந்து கிடந்தான்.

வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் கால் பக்கம் அவர் பிடிப்பார், தலைப் பக்கம் இவள். ஒன்று, ரெண்டு, ஹூப் என்று சொல்லித் தூக்குவார். அந்த ஹூப்புக்கு ஆசீர் சிரிப்பான். நெஞ்சைக் கரிக்கிறது என்று ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார், ஹூப்பும் போய்விட்டது. இவள் ஒரு தரம் தனியாகத் தூக்கும்போது சொல்லிப் பார்த்தாள், அவன் சிரிக்கவில்லை, வாசலைப் பார்த்தான். பிறகு சொல்வதில்லை. சென்னையில் இருக்கிற தம்பியிடம் போனில் கட்டியைப் பற்றி மூச்சு விடாமல், ஆசீரைக் கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கிட ஆள் கிடைக்குமாடா என்று மட்டும் கேட்டாள். "பாக்கலாம்க்கா" என்றான். அவன் பாக்கலாம் என்றால் பார்க்கமாட்டான் என்று அர்த்தம், சின்னதில் கடைக்கு அனுப்புகிறபோதே அப்படித்தான். சிஸ்டர்மார் நடத்துகிற ஓர் இல்லத்துக்குப் போன் போட்டாள், படுக்கை காலியில்லை. இன்னொரு இடத்தில், தானாகக் கக்கூஸ் போவானா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். ஜெபித்துக்கொள்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஜெசிந்தா கைப்பிள்ளைக்காரி, அவளுக்கே ஊதினால் பறக்கிற உடம்பு, ஒரு பகல் பக்கத்தில் இருப்பாள், தூக்கச் சொல்ல முடியுமா. ஆக, நாளைக்குக் காலையில் இவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஆசீர் கட்டிலில் கிடப்பான். கிளம்பாவிட்டால் கட்டி கிடக்கும். இதற்குமேல் நினைப்பு நகரமாட்டேன் என்கிறது. தையல் மிஷினில் நூல் சிக்கினால் ஊசி அதே ஓட்டையிலேயே இறங்கி இறங்கி ஏறுமே, அங்கேயே நிற்கிறது.

முன்னால் நாலாவது பெஞ்சு திரும்பிவிட்டது. மயில்கழுத்துப் பட்டு எழுந்து நின்று நீலப் புள்ளிச் சேலைக்குக் கொடுக்கிறது. அந்த இரண்டு பேருக்கும் வேலித் தகராறு, ஊருக்கே தெரியும், ஆனாலும் பார், கையைப் பிடித்துக்கொண்டார்கள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஆண்டவர் சன்னிதியில் அதுவாவது நடக்கிறதே. ஆசீர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இவள் மடியில்தான் இருப்பான், அப்போது இவளும் நடுப் பெஞ்சு. எல்லாரும் அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் சமாதானம் கொடுப்பார்கள். பிறகு அவன் வளர்ந்தான். நடக்காத பிள்ளை வளராது என்று எவரும் சொல்லவில்லைதான், ஆனாலும் அவளுக்குள் எங்கேயோ அப்படி ஒரு எண்ணம் இருந்திருக்கிறது, அவன் கால் நாற்காலியைத் தாண்டி நீண்டபோது அவளுக்குத் திக்கென்றது. மீசை அரும்பியது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறபோது கனகபாய் டீச்சர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து ரிட்டயர் ஆனவள், வராந்தாவில் நிறுத்திச் சொன்னாள். "பையனுக்கு மீசை வந்துட்டு எப்சிபா. இனி அவனை அந்தப் பக்கம் உக்கார வைக்கதுதான முறை." குரலில் விஷம் ஒன்றும் இல்லை. வரிசையில் நில், நகம் வெட்டு என்று சொல்கிற குரல்தான். அதுதான் இவளுக்கு ஆறவில்லை. அந்தப் பக்கம் என்றால் ஆண்கள் பக்கம். அங்கே அவனைத் தனியாக விட்டால் எச்சில் வடிந்தால் யார் துடைப்பார்கள். இவளும் போய் அங்கே உட்கார்ந்தால் எந்த ஆம்பிளை இவள் கையில் சமாதானம் கொடுப்பான். இந்தப் பக்கம் இருந்தால் எந்தப் பொம்பளை மீசை வைத்த ஆம்பிளை கையைப் பிடிப்பாள். அங்கே போனால் இவள் துண்டு, இங்கே இருந்தால் அவன் துண்டு. இரண்டு பக்கமும் இல்லாமல் நடையில், வாசலோரம், தூணடியில் வந்து உட்கார்ந்தார்கள். டீச்சரிடம் அதற்குப் பிறகு இவள் தோத்திரம் என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. டீச்சருக்கு அது தெரிந்ததாகவும் தெரியவில்லை, அது இன்னும் எரிச்சல்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பிறர்மேல் மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆர்கன் வாசிக்கிற தம்பி கல்யாணம் முடித்துக் கூட்டிவந்த புதுப்பெண், வெளியூர்க்காரி, நல்ல பிள்ளை, ஒரு முதல் ஞாயிறு கடைசிப் பெஞ்சில் உட்கார நேர்ந்து, விவரம் தெரியாமல் ஆசீருக்கே கையை நீட்டிவிட்டாள். அவன் பிடித்தான். ஆசீர் பிடித்தால் விடமாட்டான். அவன் விடமாட்டான் என்பது இல்லை, அவனுக்கு விடத் தெரியாது, அந்தக் கை அப்படி. அவள் மோதிரமே அவள் விரலை வெட்டி ரத்தம் வந்துவிட்டது. அவள் அலறினாள், ஆர்கன் நின்றது, ஆசீர் பயந்து இன்னும் இறுக்கினான். இவள்தான் அவன் மணிக்கட்டைக் கீழ்ப்பக்கம் மெதுவாக மடக்கினாள். அப்படி மடக்கினால் விரல் தானாகத் திறக்கும், அது ஒரு சூட்சுமம், இழுத்தால் திறக்காது. அந்தப் பெண் அழுததைவிட, கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. அடுத்த மாசத்திலிருந்து சமாதானம் கடைசிப் பெஞ்சுக்கு வருகிறபோதே எப்சிபா எழுந்து, ஆசீருக்கு முன்னால் தன் கையைக் குறுக்கே நீட்டிவிடுவாள், ரயில்வே கேட் போடுகிற மாதிரி. பெஞ்சு நுனியில் இருக்கிறவளும் எழுந்து, அவன் தலைக்கு மேலாக இவளுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். சிக்கல் இல்லை. அவன் மட்டும் தலைக்கு மேலே போகிற கைகளை அண்ணாந்து பார்ப்பான். ஒவ்வொரு முதல் ஞாயிறும் பார்ப்பான், ம்ம்ம் என்பான். அவனுக்கு என்ன புரியும் என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். அவனுக்கு என்ன புரியாது என்று இவளுக்குத்தான் தெரியவில்லை.

அந்த மணிக்கட்டுச் சூட்சுமத்தை யாருக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒருத்தருக்கும் இல்லை. சோற்றைக் குழைத்து, கரண்டியின் அடிப்பக்கத்தால் நாக்கை லேசாக அமுக்கினால்தான் முழுங்குவான். குக்கர் விசில் அடித்தால் பயப்படுவான், அதற்கு முன்னாலேயே அவன் காதைப் பொத்த வேண்டும், அதனால் விசில் வருகிற நேரத்தில் இவள் அடுப்படியில் இருக்கமாட்டாள், அவனிடத்தில் இருப்பாள். இடது பக்கமாகப் படுக்க வைத்தால் மூச்சு சீராக இருக்கும். சிரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அழுகிற மாதிரி முகம் கோணும், தெரியாதவர்கள் பதறிப்போய்த் தட்டிக் கொடுத்தால் சிரிப்பு வராமலே போய்விடும், சும்மா பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். யார் காத்திருப்பார்கள். சம்பளத்துக்கு வருகிறவள் காத்திருப்பாளா. இதெல்லாம் ஓர் ஆளின் தலைக்குள் மட்டும் இருக்கிறது, அந்த ஆளுக்கு மார்பில் கட்டி. ஆண்டவரே, இது என்ன ஏற்பாடு. பிறந்ததும் அழாத பிள்ளை அவன். நீலமாக இருந்தான், நர்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், ரொம்ப நேரத்துக்குப் பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். தப்பிவிட்டான், கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். பெயரை மாற்றலாமா என்று பிறகு ஒரு தரம், ஒரே ஒரு தரம், அவரே கேட்டார். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். வைராக்கியமா, விசுவாசமா, யாருக்குத் தெரியும்.

பாதிப் பெஞ்சு தாண்டிவிட்டது. அவளிடம் ஒரு ஜெபம் இருக்கிறது, அதை எந்தப் பெண்கள் கூட்டத்திலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. எனக்கு ஒரு நாள் முந்தி இவனை எடுத்துக்கொள்ளும். ஒரே நாள் போதும். இவனை அடக்கம் பண்ணிவிட்டு, வீட்டைக் கூட்டிவிட்டு, மறுநாள் நான் வந்துவிடுகிறேன். ஒவ்வொரு திருவிருந்திலும், ஐயர் கடைசியாக அப்பத்தை எடுத்துக்கொண்டு இவர்கள் இருக்கிற இடத்துக்கு வருகிறபோது, இடது கையால் ஆசீரின் இரண்டு கையையும் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டி அப்பத்தை வாங்கி வாயில் போட்டு அது கரைகிறபோது, இதைத்தான் கேட்கிறாள். பெற்ற பிள்ளை சாக வேண்டும் என்று கேட்கிறவளைத் திருவிருந்துக்குச் சேர்க்கலாமா. தெரிந்தால் ஐயர் கொடுப்பாரா. உமக்குத் தெரியுமே, நீர் கொடுக்கிறீரே. உமக்கும் ஒரு மகன் இருந்தார், கண் முன்னால் சாகக் கொடுத்தீர், உம்மிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன் என்று அவள் சண்டைகூடப் போட்டிருக்கிறாள். பதில் வந்ததில்லை. கோபமும் வந்ததில்லை, அது மட்டும் தெரியும், எதிர்த்துப் பேசுகிற பிள்ளையைப் பேசட்டும் என்று விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற தகப்பன் மாதிரி ஒரு அமைதி. அதில்தான் இத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டு கிடக்கிறாள். ஆனால் இன்றைக்கு அந்த ஒரு நாளைக் கேட்கப் பயமாக இருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரி. இன்றைக்குக் கேட்டு இன்றைக்கே கொடுத்துவிட்டால். அவள் திரும்பி ஆசீரைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான், வாயோரம் வழிந்து நாடியில் எச்சில். துடைத்தாள்.

இன்றைக்குப் பெஞ்சு நுனியில் இருப்பது யார் என்று அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கனகபாய் டீச்சர். முன் பெஞ்சில் பட்டா போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தவள், இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் பண்ணி, இன்றைக்குத்தான் வெளியே தலைகாட்டியிருக்கிறாள். அவ்வளவு தூரம் நடக்க மாட்டாமல் கடைசிப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது, ஊன்றுகோல் பெஞ்சில் சாய்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இது வேறா. வேண்டாம் என்று எழுந்து போய்விடலாம், வாசல் பக்கத்தில்தான். ஆசீர் இருமுகிறான் என்று சாக்குச் சொல்லி வெளியே தள்ளிக்கொண்டு போய்விடலாம். அதற்குள் கடைசிப் பெஞ்சுக்குள் சமாதானம் நுழைந்துவிட்டது, சுவர்ப் பக்கத்துக் கிழவி வாங்கிவிட்டாள், பிறகு ஊதாச் சேலை, பிறகு ஜெசிந்தா, தோளில் பிள்ளை தூங்குகிறது, ஒரு கையால் வாங்கி டீச்சருக்குக் கொடுக்கிறாள். எப்சிபா எழுந்தாள். கை தானாக ஆசீருக்குக் குறுக்கே நீண்டது. டீச்சர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியாது அல்லவா, உட்கார்ந்தபடியே உடம்பை மட்டும் திருப்பினாள். உட்கார்ந்த ஆளுக்கு ஆசீரின் தலைக்கு மேலே எங்கே எட்டும். அவள் கை வந்த உயரம் ஆசீரின் மடி உயரம். குறுக்கே நீண்டிருந்த எப்சிபாவின் கையை ஒரு பார்வை பார்த்தாள். "நீ இரு. வரிசைன்னா வரிசை. அவன் நடுவுல இருக்காம்லா" என்றாள். அதே குரல். நகம் வெட்டு என்கிற குரல்.

எப்சிபாவின் கை எப்போது கீழே இறங்கியது என்று அவளுக்குத் தெரியாது. டீச்சர் ஆசீரின் வலது கையை, எப்போதும் மூடியே இருக்கிற அந்தக் கையை, திறக்கப் பார்க்காமல், மூடினபடியே தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். முகத்தைப் பார்த்தாள். "சமாதானம், ஆசீர்." பெயர் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஆசீரின் முகம் கோணியது. பதற வேண்டாம், பதற வேண்டாம், அது அழுகை இல்லை என்று எப்சிபாவுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. டீச்சர் பதறவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் முழிக்கிற பிள்ளைக்காகக் காத்திருந்து பழக்கமோ என்னவோ. அந்தக் கோணல் மெள்ள விரிந்து சிரிப்பானது. விரல்கள் ஒவ்வொன்றாக விலகி, டீச்சரின் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து, மூடிக்கொண்டன. டீச்சரின் உதடு ஒரு கணம் சுளித்தது. எப்சிபா மணிக்கட்டை மடக்கக் கையைக் கொண்டுபோனாள். "விடு" என்றாள் டீச்சர். "வலிக்கும் டீச்சர். அவனுக்கு விடத் தெரியாது." "வலிக்கத்தான் செய்யுது. இருக்கட்டும்." ஆர்கன் ஆரம்பித்துவிட்டது. காணிக்கைப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். எல்லாரும் வாங்கியாயிற்று, சமாதானம் முடிந்துவிட்டது என்று முன்னால் இருக்கிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள். முடியவில்லை. எப்சிபாவுக்கு வரவில்லை. வருஷக்கணக்காக இவனைத் தாண்டி வந்த சமாதானம் இன்றைக்கு இவனைத் தாண்டி வர மாட்டேன் என்று நின்றுவிட்டது. அவள் மடக்கப் போன இரண்டு கையும் நீட்டினது நீட்டினபடி காலியாக நின்றாள். கர்த்தர் உன் கையைப் பிடித்திருக்கிறார் என்று வீட்டுக் காலண்டரில் போட்டிருக்கிறது, ஒவ்வொரு வருஷக் காலண்டரிலும் ஏதாவது ஒரு மாசத்தில் போட்டிருக்கும். பிடிக்கிறது என்றால் இப்படித்தானோ, வலிக்க வலிக்க, விடத் தெரியாமல். அப்படியானால் இத்தனை வருஷமாக வலித்தது எதனால். மடக்கினால் அந்தக் கை திறந்துவிடும். ஒரு நொடி வேலை. அவள் மடக்கவில்லை.

பாட்டு நடுவில், குனிந்து டீச்சரின் காதோரம் சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நாளைக்கு ஆஸ்பத்திரி, கட்டி, தூக்கக் கூடாதாம், ஆள் இல்லை, எல்லாம் தலைகால் இல்லாமல். டீச்சர் ஐயோ என்று சொல்லவில்லை, ஜெபித்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள். "உங்களால தூக்க முடியாது டீச்சர், உங்க முட்டி." "தூக்க முடியாது. பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க முடியும்லா. தூக்குததுக்கு ஆள் கூட்டிட்டு வாரேன்." ஆண்கள் பக்கத்தைத் தலையால் காட்டினாள். "இத்தனை பேரு சும்மாதான இருக்கானுவ." அந்தப் பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இதை நம்பலாமா. டீச்சர் சொன்னால் வருவாள், நாளைக்கு வருவாள், அடுத்த நாளும் வருவாள். அதற்குப் பிறகு. டீச்சருக்கே எழுபது தாண்டிவிட்டது, இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். கட்டியைப் பிரித்துப் பார்த்து என்ன சொல்லப் போகிறார்களோ. அவனுக்குக் கரண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இன்றைக்கு மத்தியானமே காட்டிக் கொடுக்க வேண்டும். குக்கர் விஷயத்தையும். மணிக்கட்டு விஷயத்தையும். ஒன்றும் தீர்ந்துவிடவில்லை, எதுவும் கையில் இல்லை, ஆனாலும் ஊசி அந்த ஓட்டையை விட்டு ஒரு தையல் தள்ளி இறங்கியிருக்கிறது.

ஐயர் ஜெபங்களை வாசித்து முடித்தார். அப்பத்தைப் பிட்டார். பெஞ்சு பெஞ்சாக எழுந்து முன்னால் போகிறார்கள். ஆசீரின் கை இன்னும் விடவில்லை, டீச்சரின் விரல் நுனி சிவந்து கிடந்தது. "போ" என்றாள் டீச்சர், "வரிசை நகருது. எங்களுக்கு ஐயர் கொண்டாருவார்." எப்சிபா நடந்தாள். வீட்டுக்காரர் போனபிறகு இந்த நடையில் அவள் தனியாக நடந்ததே இல்லை. தள்ளுவதற்கு எதுவும் இல்லாமல் கை இரண்டும் என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கின, முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், விட்டாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். ஆசீர் அவளைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சில் சுருக்கென்றது, அது வலியா, வேறு ஏதாவதா. பீடத்துக்கு முன்னால் மண்டி போட்டாள். ஐயர் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துக்கொண்டு வருகிறார். இனி அந்த ஜெபம், எனக்கு ஒரு நாள் முந்தி, என்று தொடங்கப் பார்த்தாள். எனக்கு, என்றாள். எனக்கு. அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஐயர் முன்னால் வந்து நின்று, இவளா என்று ஒரு கணம் பார்த்தார், பிறகு கடைசி நடையைப் பார்த்தார். எப்சிபா இடது உள்ளங்கைமேல் வலது உள்ளங்கையை வைத்து, இரண்டு கையையும் நீட்டினாள்.